நானும் நளம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நால்வருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? திட்ட நான் அங்கே இல்லை என்ற தைரியத்தில் தைலம் தேய்க்காமல் இருந்துவிடுவாள், பார்த்துக்கொள்.

பஸ்ஸில் பதினான்கு மணி நேரம். பெரிய டிரம்மை மேலே கட்டச் சொன்னார்கள், மச்சான் கேட்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "உள்ள யாராவது இருந்தா அவங்களுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார். வழியெல்லாம் எனக்கு மச்சானின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

மெத்தைக் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்திருக்கிறது. கீழே நூறு மெத்தை, மேலே நாங்கள் வெறுந்தரையில் படுக்கிறோம். நெட்டை ஆணி வழக்கம்போலக் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டான். பெயின்ட் அடிக்கப் போன வீடுகளில் எல்லாம் இடித்து இடித்துத்தான் அவனுக்குப் பாட்டு வந்தது என்று வாத்தியார் சொல்கிறார். வாத்தியார் கிடாரோடு கணக்குப் புத்தகங்களையும் தூக்கி வந்திருக்கிறார். பாட்டு கைவிட்டால் டியூஷன் இருக்கிறதாம்.

குழுவுக்கு நான் வைத்த பெயர்தான் நிலைத்தது: "பிழை". பத்து வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினேன் அல்லவா, அந்த நன்றிக்கடன். ஆனால் மச்சான் ஆணியின் பிரஷ்ஷை வாங்கி, பெரிய டிரம்மில் சிவப்பு பெயின்டால் "பிளை" என்று எழுதிவிட்டார். நான் துணியோடு ஓடினேன். ஆணி என் கையைப் பிடித்துக்கொண்டான். "தொடாதடா. பிழைங்கறதையே சரியா எழுதிட்டா அதுல என்ன பிழை இருக்கு?" என்றான். அதனால் இனி நாங்கள் "பிளை".

மச்சான் கடிதம் எழுத உட்கார மாட்டார், உனக்குத் தெரியாதா. கடைசி வரியை மட்டும் அவரிடம் விட்டிருக்கிறேன்.

உன் தம்பி

நானும் நளம்.


பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்காலும் சுகம், வாய் அதைவிட சுகம். அறையில் காற்று வருகிறதா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

அவருடைய மகாகாவியத்தைப் படித்தேன். பன்னிரண்டு வருடமாக அந்தக் குண்டு "ள"வோடு மல்லுக்கட்டுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு எனக்கு எழுதிய முதல் சீட்டிலும் "நளமா?" என்றுதான் இருந்தது. அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும்.

தையல் ஆலையில் வேலை எப்போதும்போலத்தான். மெஷின்கள் கெட்டுப்போகின்றன, நான் சரிசெய்கிறேன், சூப்பர்வைசர் தான் சரிசெய்ததாகச் சொல்லிக்கொள்கிறார். பேக்கிங் பிரிவில் அவர் இருந்த இடத்தில் இன்னும் ஆள் போடவில்லை. அட்டைப்பெட்டிகளைத் தட்டுவதற்கு ஆளில்லாமல் அந்தப் பக்கமே ஊமையாகிவிட்டது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். நீயும் ஆணியும் இளவட்டங்கள், எங்கே விழுந்தாலும் எழுந்துவிடுவீர்கள். அவருக்கு நாற்பத்தொன்று. நீ கூப்பிட்டாய் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வேலையை விட்டுவிட்டு வந்தார். உன்னை நம்பித்தான் அனுப்பினேன். மேலே போனால் இருவரும் சேர்ந்து போங்கள். இல்லாவிட்டால் இருவரும் சேர்ந்து திரும்பி வாருங்கள். அவரை நடுவழியில் இறக்கிவிட்டு நீ மட்டும் போனாய் என்று என் காதில் விழக்கூடாது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

சுகமா? அம்மா சுகமா? நாங்கள் சுகம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும். தலைகால் புரியவில்லை.

ஒரு பழைய கிடங்கில் வாரக் கடைசியில் வாசிக்கிறோம். முதல் வாரம் பதினெட்டுப் பேர், அதில் இருவர் மெத்தைக் கடைக்காரர்கள். போன வாரம் வாசல் வரை நின்றார்கள். எல்லாம் அந்த ஒரு பாட்டால். "ஏழாவது தையல்".

அந்தத் தாளம் உனக்குத் தெரிந்ததுதான். உங்கள் ஆலையின் பதினோராம் நம்பர் மெஷின் ஏழாவது தையலை விட்டுவிட்டுப் போகும், மச்சான் அந்த இடத்தில் பெட்டியைத் தட்டுவார் என்று சொல்வாயே, அதேதான். ஆறு அடி ஒழுங்காக வாசிப்பார். ஏழாவது வராது. ஆணி மைக்கைப் பிடித்து "எங்கே?" என்று கத்துவான். மறந்துவிட்டாரோ என்று நாமே திரும்பிப் பார்க்கும்போது, டம் என்று ஒன்று விழும். இப்போது கூட்டமே சேர்ந்து "எங்கே?" என்று கத்துகிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு மயிர் கூச்செறிகிறது அக்கா.

ஒரு பத்திரிகையில் கால் பக்கம் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் "போஸ்ட் பங்க்" குழுவாம். ஆணிக்கே அது தெரியாது. வாத்தியார்தான் விளக்கினார்: பங்க் என்றால் கோபத்தில் கத்துவது, கத்தி ஓய்ந்த பிறகு அதே கோபத்தை உட்கார்ந்து யோசித்துச் சொன்னால் போஸ்ட் பங்க்.

அந்தப் பத்திரிகையால் ஒரு சின்னச் சிக்கல். அதில் ஆணியின் படம் மட்டும் வந்தது. வாத்தியாருக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. மெட்டுப் போட்டது தான்தானே என்கிறார். இருவருக்கும் இப்போது பேச்சு இல்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு மச்சான் மூலமாகத்தான் பேசுகிறார்கள். "மச்சான், அவர சுருதி சேர்க்கச் சொல்லுங்க." "மச்சான், சேர்த்தாச்சுன்னு சொல்லுங்க." மச்சான் இருவரையும் பார்த்து, "எனக்குக் காது டிரம்முக்கே சரியா இருக்கு, ஆளை விடுங்கப்பா" என்றார்.

உன் தம்பி

நானும் நளம். கை மட்டும் கொஞ்சம் வளி.


ஏப்ரல் 14

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கை வலி என்றால் எந்தக் கை? மணிக்கட்டா, தோளா? "வளி" என்று எழுதினால் காற்று என்று அர்த்தம், டாக்டரிடம் அப்படி எழுதிக் காட்டிவிடப் போகிறார்.

போஸ்ட் என்றால் தபால். பங்க் என்றால் பெட்ரோல் போடுகிற இடம். தபாலாபீசுக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் நடுவில் கடை போட்டிருக்கிறீர்களா என்று மெஷின் பிரிவில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல? தபால் பக்கம் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டால் வேறு என்ன சொல்வது?

கிடங்கில் நீங்கள் வாசித்த பாட்டு ரேடியோவில் வந்தது! முன்கூட்டிச் சொல்ல மாட்டாயா? அம்மா தனியாக இருந்திருக்கிறாள். பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, நான் வேலை முடிந்து வந்ததும் ரேடியோவை என் கையில் கொடுத்து, "இது ரிப்பேர், விட்டு விட்டுக் கேக்குது, பாரு" என்றாள். அவளுடைய மருமகன்தான் வாசிக்கிறார் என்று சொன்னதும் ரேடியோவைத் துடைத்து மறுபடி மேலே வைத்தாள்.

சண்டைக்காரர்கள் நடுவில் அவரைத் தூதுவிடாதே. அவருக்கு யாரையும் "இல்லை" என்று சொல்லத் தெரியாது. அந்தக் கைக்கு ஒத்தடம் கொடு. நீயே கொடு.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நீயும் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். தாமதத்துக்குத் திட்டாதே. இசைத்தட்டு போட ஒரு நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. கண்ணாடி அறை, சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே போனால் நம் மூச்சு நமக்கே கேட்கிறது.

பதிவு செய்பவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் காதுக்கு மச்சானின் ஏழாவது அடி ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுகிறதாம். கிடங்கில் கேட்கும்போது அழகாக இருப்பது தட்டில் கோளாறாகத் தெரியும் என்கிறார். "ஒரே அளவா தாமதமா வாசிங்க சார்" என்றார். மச்சானும் தலையாட்டிவிட்டு இருபத்துமூன்று தடவை வாசித்தார். இருபத்துமூன்றும் இருபத்துமூன்று விதம். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒத்தடம் கொடுத்தேன்.

அங்கே ஒரு தாளப்பெட்டி இருக்கிறது. ரொட்டி டப்பா அளவுதான். பொத்தானை அமுக்கினால் சொன்னதைச் சொன்னபடி அடிக்கும். ஆணி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

மற்றபடி எல்லாம் நன்றாகப் போகிறது.

உன் தம்பி

நானும் நளம்.


ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

சுகம். அவரையும் சுகம் கேட்டதாகச் சொல்.

"வேறு ஒன்றும் இல்லை" என்று நீ எழுதினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சின்ன வயதில் பிளாஸ்க்கை உடைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னதும் இதே வார்த்தைதான்.

உனக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். பதினோராம் நம்பரில் கொக்கி தேய்ந்திருந்தது, அரை மணி நேர வேலை. நான் மூன்று நாள் அதைத் தொடவில்லை. "சாமான் வரணும்" என்று சூப்பர்வைசரிடம் புளுகினேன். ஏனென்றால் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு ஆள் அந்தத் தாளத்துக்குப் பெட்டி தட்டிக்கொண்டிருந்தார், மெஷின் சரியாகிவிட்டால் தட்டுவதை நிறுத்திவிடுவாரோ என்று எனக்குப் பயம். நான்காம் நாள் சரிசெய்தேன். அவர் நிறுத்தவில்லை. அந்த மெஷின் பழைய இரும்புக்குப் போயே பல வருடம் ஆகிறது. அந்தப் பழுது இப்போது அவர் கையில் மட்டும்தான் இருக்கிறது.

அதைச் சரிசெய்யச் சொல்லி யாராவது வந்தால் நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்று எனக்கு எழுது. மழுப்பாதே.

அக்கா


ஜூலை 25

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை. பதிவு முடிந்தது. அடுத்த மாதம் பெரிய அரங்கத்தில் நிகழ்ச்சி, எண்ணூறு நாற்காலிகள். புதிய சட்டைகள் தைத்திருக்கிறோம், எல்லாம் கறுப்பு. மெத்தைக் கடைக்காரர் ஒரு மெத்தையைச் சும்மா கொடுத்தார். மழை பெய்கிறது.

எல்லோரும் நலம்.

உன் தம்பி

நானும் நலம்.


ஆகஸ்ட் 5

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம்.

நான் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம். பரவாயில்லை, மழை பெய்வதைத் தெரிந்துகொண்டேன்.

கடைசி வரியைப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத் திருந்தியிருக்கிறது. அந்தக் கை வலி எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? சாப்பிடும்போது கரண்டி பிடிக்க முடிகிறதா? பார்த்துச் சொல்.

சாப்பாட்டு மேசையில் யாரோ விரலால் தட்டிக்கொண்டே இருப்பதாக அம்மா புகார் சொல்கிறாள். அவளுக்கும் வயதாகிறது.

எழுது. நல்ல செய்தி மட்டும்தான் எழுத வேண்டும் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்கா,

நலமா? அம்மாவை டாக்டரிடம் காட்டினாயா? இல்லாத சத்தம் கேட்கிறது என்றால் சும்மா விடக்கூடாது.

இசைத்தட்டு வந்துவிட்டது. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தெருவில் நடந்தால் திரும்பிப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் ஆணியை. ஆணியும் வாத்தியாரும் போன வாரம் மேடையிலேயே முட்டிக்கொண்டார்கள். வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. கூட்டம் அதையும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது. சமாதானம் பேச ஆள் இல்லை. அதாவது, பேசினேன். நான்தான் பேசினேன்.

கை வீக்கம் வடிந்துவிட்டது. கரண்டி பிடிக்க முடிகிறது.

உன் தம்பி

நானும் நலம். கை வலி இல்லை.


அக்டோபர் 11

அன்புத் தம்பிக்கு,

சுகம். பார்சல் வந்தது. அம்மாவுக்கு மூளை, காது எல்லாம் சரியாகவே இருக்கிறது.

அட்டையில் "பிழை" என்று போட்டிருக்கிறது. சரியான எழுத்து. யார் திருத்தினார்கள்?

பாட்டைக் கேட்டேன். ஆறு அடி, பிறகு "எங்கே?", பிறகு ஏழாவது. ஒவ்வொரு தடவையும் அளந்து வைத்த அதே இடத்தில் விழுகிறது. நாற்பது மெஷின்களுக்குக் காதால் வைத்தியம் பார்க்கிறவள் நான். எது மெஷின், எது ஆள் என்று எனக்குத் தெரியாதா?

நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. என்ன நடந்ததோ அதை எழுது. இனிமேல் வானிலை அறிக்கை வேண்டாம்.

அக்கா


நவம்பர் 20

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டுகளை இன்னும் கழுவவில்லை. நிறுவனம் தாளப்பெட்டியோடு என்றால்தான் இசைத்தட்டுப் போடுமாம். ஆணி எழுந்து நின்று, "கை தூக்குங்க. பெட்டிக்கு யாரு?" என்றான். அவன் தூக்கினான். வாத்தியார் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். மச்சான் தன்னைப் பற்றிய பேச்சில் தான் கலந்துகொள்ளக் கூடாது என்று சும்மா இருந்தார். மிச்சம் நான்.

கை தானாக எழுந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தானாக எழவில்லை. நான்தான் தூக்கினேன். எனக்கு இசைத்தட்டு வேண்டும் அக்கா. அட்டையில் என் பெயர் வேண்டும். மறுபடி அச்சகத்தில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டு உட்கார முடியாது என்று தோன்றியது.

மச்சான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. எழுந்து தட்டுகளைக் கழுவினார். பிறகு குச்சிகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டார். "துறைமுகத்துல ஒரு சிநேகிதன் இருக்கான், சரக்குக் கொட்டகையில வேலை வாங்கித் தரேன்னான். உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ எதுவும் எழுதாத" என்றார். டிரம்களைக் கேட்டேன். "அது குழுவோடது" என்றார்.

அவர் சொல்லிவிடுவார், சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். உன் கடிதங்களைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால் அந்தக் கடைசி வரிகளை நானே எழுதினேன். அவர் பேனாவால், அவர் எழுத்துச் சாய்வில். இதைவிடக் கேவலமான வேலை நான் செய்ததில்லை.

போன மாதக் கடைசியில் பெரிய அரங்கத்தில் மூன்றாவது நிகழ்ச்சி. ஆறு அடி முடிந்தது. நான் காத்திருந்தேன். பெட்டி காத்திருக்கவில்லை, தன் பாட்டுக்கு அடித்துவிட்டுப் போனது. அன்று வந்ததில் பாதி எங்கள் பழைய கிடங்குக் கூட்டம், இசைத்தட்டைக் கேட்டுப் பழகவில்லை, கிடங்கில் கத்தியதுபோலவே நீட்டி "எங்கே?" என்று கத்தியது. அதற்குள் ஏழாவது விழுந்து முடிந்திருந்தது. அவர்கள் விடவில்லை. சிரித்துக்கொண்டே "எங்கே? எங்கே?" என்று கத்தினார்கள். விளையாட்டுக்குத்தான் கத்தினார்கள். என்னால் நிற்க முடியவில்லை. பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன்.

அத்தோடு எல்லாம் முடிந்தது. வாத்தியார் டியூஷனுக்குப் போய்விட்டார். ஆணி என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் படியில் உட்கார்ந்து அழுதான். "மறுபடி சுவருக்குச் சுண்ணாம்பு சுரண்டப் போகணுமேன்னு பயமா இருந்துச்சுடா. அதான் அந்தாளை அனுப்பினேன்" என்றான். எனக்கு இருந்த அதே பயம்தான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

மறுநாளே துறைமுகத்துக்குப் போனேன். ஒன்பது நாள். எல்லாக் கொட்டகையிலும் கேட்டேன். உயரம் சொன்னேன், வீங்கிய கையைச் சொன்னேன், எதைக் கண்டாலும் தட்டுவார் என்று சொன்னேன். அப்படி ஒரு ஆள் அங்கே வேலைக்கு வரவே இல்லை. நடுவழியில் இறக்கிவிடாதே என்றாய். நான் இறக்கிவிட்டேன். இறக்கிவிட்ட இடத்திலும் அவர் இல்லை. மச்சானைத் தொலைத்துவிட்டேன் அக்கா.

நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


நவம்பர் 26

என் அன்புத் தம்பிக்கு,

முதலில் உட்கார். தண்ணீர் குடி. யாரும் தொலைந்து போகவில்லை.

இவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுத எழுத மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார், எழுத்து கோணினால் அதுதான் காரணம். துறைமுகத்துக்குத்தான் கிளம்பினாராம். பஸ் நிலையத்தில் நம் ஊர் பஸ் முதலில் புறப்பட்டதாம், ஏறிவிட்டாராம். இதுதான் இவர் சொல்லும் கதை. பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். உன் கையைப் பற்றியும் சொன்னார். அடுத்த வாரமே பேக்கிங் பிரிவில் பழைய இடத்தில் சேர்ந்துவிட்டார்.

உன் ஜூலைக் கடிதம் வந்தபோது மூன்று பேருமாகத்தான் படித்தோம். கடைசி வரியை இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "இது யாருன்னு தெரியல. ஆனா நிச்சயமா நான் இல்ல. எனக்கு இவ்வளவு சரியா எழுத வராது" என்றார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இவர் எழுந்து பின் அறைக்குப் போனார், வெகுநேரம் வரவில்லை.

பத்து வருடம் பிழை திருத்திய கையடா உனக்கு. பொய் சொல்லும்போதுகூட எழுத்துப்பிழை விட மனம் வரவில்லை.

எனக்கு அன்றைக்கே பஸ் ஏறி வந்து உன் காதைத் திருக வேண்டும்போல இருந்தது. இவர்தான் விடவில்லை. "நாமளா பிடிச்சா அவன் திருடன். அவனா வந்து சொன்னா தம்பி. கொஞ்சம் பொறு" என்றார். அதனால் பொறுத்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன், நீ உள்ளே வரவில்லை. கரண்டி பிடிக்க முடிகிறதா என்று கேட்டேனே, அப்போது இவர் எதிரில் கரண்டியால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ கொட்டகை கொட்டகையாக அலைவாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அந்த ஒன்பது நாளுக்கு நான்தான் பொறுப்பு. என்னை மன்னித்துக்கொள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும். நீ நேரில் வந்தால் சீக்கிரம் தீரும். ஆணியையும் கூட்டி வா. ஆலைச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் தேடுகிறார்கள், வாசல் நிலையும் உயரம். பின் அறை காலியாகத்தான் இருக்கிறது. பெரிய டிரம்மை மேலே கட்டாதே, மடியில் வைத்துக்கொண்டு வா. அதில் எழுதியிருப்பதில் கை வைத்தாயோ, தொலைத்துவிடுவேன்.

உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்து முடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. கடைசி வரியை இவருக்கு விட்டிருக்கிறேன்.

அக்கா

நானும் நளம். நீ எப்ப வர?